மாசக்கணக்கா தலைவலி, வலது காதுல உஷ் உஷ்னு இரைச்சல், எல்லா டெஸ்ட்டும் நார்மல்... யாருக்காவது இப்படி இருந்திருக்குங்களா?

பவானிக்காரி

எல்லாருக்கும் வணக்கமுங்க. இத்தன நாளா இங்க படிக்கிறதோட சரி, எழுதறது இதுதான் மொதத் தடவை. கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கோங்க.

வயசு 31. ரெண்டாவது பையன் பொறந்து ஒரு வருஷம் ஆனதுக்கப்புறம் ஆரம்பிச்சதுங்க இந்தத் தலைவலி. மொதல்ல எப்பவாவது வரும், தைலம் தேச்சுப் படுத்தா போயிடும், இப்ப தினமுமே இருக்கு. காலைல கண்ணு முழிக்கறப்பவே பின்மண்டைலயும் கண்ணுக்குப் பின்னாடியும் ஒரு அமுக்கம், குனிஞ்சு வாசல் கூட்டினா ஏறுது, இருமினா ஏறுது, பையனைத் தூக்கினா ஏறுது, நின்னுட்டு வேலை பாக்கறப்ப கொஞ்சம் பரவால்ல, படுத்தா திரும்ப ஆரம்பிச்சிரும். கழுத்தும் சேர்ந்து வலிக்குது.

அதோட வலது காது. எந்நேரமும் அடைச்ச மாதிரியே இருக்கு. உள்ள ஒரு சத்தம், கொய்ங்குனு விடாம வர்றது இல்லைங்க, உஷ்... உஷ்... உஷ்னு விட்டு விட்டு வருது. பகல்ல மிக்சி, டிவி, பசங்க கத்தறது எல்லாத்துலயும் தெரியாது, ராத்திரி வீடு அடங்கினா அது மட்டுந்தான் கேக்கும். அந்தப் பக்கம் தலகாணில காது பட்டுச்சுன்னா தூக்கம் போச்சு.

ஈஎன்டி டாக்டரைப் பாத்தேன், குரும்பி இருக்குதுன்னு எடுத்துவிட்டாங்க, சத்தம் அப்படியேதான் இருந்தது. திரும்பப் போனதுக்கு ஆடியோகிராம் எடுத்தாங்க, காது நல்லா கேக்குதுன்னாங்க. வேற ஒரு இடத்துல சைனஸ்னு சொல்லி ஆன்டிபயாடிக்கும் மூக்குல அடிக்கற ஸ்ப்ரேயும் குடுத்தாங்க. தலைக்கு சிடி ஸ்கேனும் எடுத்தாச்சு, ஒண்ணுமே இல்லைன்னு ரிப்போர்ட். கடைசியா பாத்த டாக்டர் டென்ஷன் தலைவலி, ரெண்டு சின்னப் பசங்களை வெச்சுட்டு இருக்கீங்கல்ல அதான், மனசை லேசா வெச்சுக்கோங்கன்னு தூக்க மாத்திரை எழுதிட்டாரு.

வீட்டுக்காரர் நல்லவருதானுங்க, ஆனா ரிப்போர்ட் எல்லாம் நார்மல்னு வந்ததுக்கப்புறம் அவருக்கே என்ன சொல்றதுன்னு தெரியல. மத்தவங்க மூஞ்சிலயே தெரியுது, வேலைக்கு டிமிக்கி குடுக்கறான்னு. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சும்மாவா சொன்னாங்க.

இது என்னவா இருக்கும், அடுத்து யாரைப் போய்ப் பாக்கறது? தயவுசெஞ்சு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

டெல்டா_தம்பி

அக்கா, படிக்கவே கஷ்டமா இருக்கு. டெஸ்ட் நார்மல்னா வலி பொய்னு அர்த்தம் இல்ல, எடுத்த டெஸ்ட்ல அது தெரியலனு மட்டுந்தான் அர்த்தம்.

என் அனுபவத்தைச் சொல்றேன். எனக்கு ஒத்தத் தலைவலி காலேஜ் படிக்கும்போதே இருக்கு. வேலைக்கு வந்தப்பறம் தினமும் ஆயிடுச்சு, மெடிக்கல் ஷாப்ல பாரசிட்டமாலும் காஃபினும் கலந்த மாத்திரை அட்டை அட்டையா வாங்கிப் போட்டுக்கிட்டே இருந்தேன், போட்டா ரெண்டு மணி நேரம் நல்லா இருக்கும், அப்பறம் முன்னைவிட ஜாஸ்தியா வரும். தஞ்சாவூர்ல ஒரு நரம்பியல் டாக்டர்தான் கண்டுபிடிச்சாரு, இப்ப வர்றது மாத்திரையால வர்ற தலைவலின்னு. சாதா வலி மாத்திரை மாசத்துக்கு 15 நாளோ அதுக்கு மேலயோ, இப்படி கலப்பு மாத்திரையோ ஒத்தத் தலைவலிக்குன்னே குடுக்கற ட்ரிப்டான் வகையோன்னா 10 நாளோ அதுக்கு மேலயோ, 3 மாசத்துக்கு மேல தொடர்ந்து போட்டா அந்த மாத்திரையே தலைவலியைப் பிடிச்சு வெச்சுக்குமாம். நிறுத்தினப்ப மொதல் ஒரு வாரம் நரகம். அப்பறம் மெல்ல மெல்ல இறங்குச்சு.

நீங்க எவ்ளோ மாத்திரை போடறீங்க? அதை மொதல்ல ஒரு நோட்ல எழுதுங்க. வலி வந்த நேரம், என்ன சாப்பிட்டீங்க, தூக்கம், மாதவிலக்கு எல்லாத்தையும் சேர்த்து. எனக்கு அந்த நோட்டைப் பாத்துட்டுத்தான் டாக்டர் சொன்னாரு.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல நெத்தி வலிச்சா உடனே சைனஸ்ங்கறாங்க. சளியும் இல்ல, மூக்குல சீழும் இல்ல, காய்ச்சலும் இல்லைன்னா பெரும்பாலும் அது மைக்ரேன்ங்கற ஒத்தத் தலைவலிதான்.

---

ராம்நாட்டு_ஆச்சி

தாயி, நான் உன் அம்மா வயசு. சின்னப் புள்ளைகள வச்சுக்கிட்டு இம்புட்டுக் கஷ்டம் பட்டிருக்க. நல்லெண்ணெயில ரெண்டு பூண்டுப் பல்லு தட்டிப் போட்டு காச்சி, ஆறவச்சு வெதுவெதுப்பா ரெண்டு சொட்டு காதுல விடு. நொச்சி எலையும் மஞ்சளும் போட்டு ஆவி பிடி. சுக்கு உரசி நெத்தியில பத்துப் போடு, நீர்க்கோவை மாத்திரையும் உரசிப் போடலாம். புள்ள பெத்த உடம்பு, தலைக்குக் குளிச்சிட்டு ஈரத்தோட நின்னா நீர் கோத்துக்கிரும். எங்க வீட்டுல எல்லாத்துக்கும் இதுதேன் கேட்டிருக்கு.

---

நைட்_டூட்டி_சிஸ்டர்

ஆச்சி, ஆவியும் பத்தும் தாராளமா போடட்டும், அது கெடுதல் இல்ல. எண்ணெய் மட்டும் வேணாம், கோச்சுக்காதீங்க. நான் சென்னைல ஈஎன்டி வார்டுல ஸ்டாஃப் நர்ஸ், மழைக்காலம் வந்தா எங்க ஓபில காதுல பூஞ்சை பிடிச்சு வர்றவங்கதான் அதிகம், உள்ள பாத்தா ஈரத் துணில படியற பூசணம் தெரியும், கருப்பு கருப்பா புள்ளியோட. கேட்டா பாதிப் பேர் எண்ணெய் விட்டேன்பாங்க, மீதிப் பேர் பட்ஸ், கோழி இறகு, ஹேர்பின். செவிப்பறைல ஓட்டை இருக்கறது வெளில இருந்து பாத்தா தெரியாது, அப்படி இருந்துச்சுன்னா விடற எண்ணெய் நேரா நடுக்காதுக்குப் போயிடும்.

பவானிக்காரி, உங்களைக் கொஞ்சம் கேள்வி கேக்கணும். காதுல இருந்து நாத்தத்தோட தண்ணியோ சீழோ வருதா? தலை சுத்தல் இருக்கா, இருந்தா எவ்ளோ நேரம்? கேக்கறது ஏறி இறங்குதா? இதை ஏன் கேக்கறேன்னா, காது அடைப்பும் இரைச்சலும் சேர்ந்து 20 நிமிஷத்துல இருந்து 12 மணி நேரம் வரைக்கும் வீடே சுத்தற மாதிரி தலை சுத்தி, அந்தக் காதுல கேக்கறதும் குறைஞ்சா மெனியர்ஸ்னு ஒரு வியாதியைப் பாக்கணும். 1861லயே பாரிஸ்ல மெனியர்ங்கற டாக்டர் இது மூளைல இருந்து வர்றது இல்ல, உள்காதுல இருந்து வர்றதுன்னு சொல்லிட்டாரு. சுத்தலும் தலைவலியும் மாறி மாறி வந்து, கேக்கறது நல்லா இருந்தா மைக்ரேன்லயே ஒரு வகை இருக்கு, வெஸ்டிபுலர் மைக்ரேன்.

எல்லாரும் கவனிக்க ஒண்ணு. திடீர்னு, ஒரே நாள்லயோ ரெண்டு மூணு நாள்லயோ ஒரு காது கேக்காம போச்சுன்னா அது அடைப்பு, சளினு வீட்ல உக்காராதீங்க. அது அவசரம். ஸ்டீராய்டு ஆரம்பிச்சா காது திரும்பக் கேக்க வாய்ப்பு இருக்கு, மொத ரெண்டு வாரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது. எங்ககிட்ட ஒரு மாசம் கழிச்சு வர்றவங்களைப் பாத்தா வயிறு எரியும்.

---

யாழ்_நிலா

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணம். எனக்கும் கன காலமா தலையிடியும் காது நோவும் இருந்தது, அதால எழுதிறன். காதுக்குள்ள குத்து, நெத்திப்பொட்டில நோ, காது அடைச்ச மாதிரி. காது டொக்டர் பாத்திட்டு காதில ஒண்டும் இல்லை எண்டு சொல்லிப்போட்டார். பிறகு பல்லுக் காட்டப் போன இடத்திலதான் பல் வைத்தியர் தாடை மூட்டில விரலை வச்சு வாயைத் திறந்து மூடச் சொன்னவர், டிக் எண்டு சத்தம் கேட்டது, அவர் கன்னத் தசையை அமத்தேக்க எனக்கு அதே காது நோ அப்பிடியே வந்தது. நான் நித்திரையில பல்லு நெருமிறனானாம், எனக்கே தெரியாது, கடைவாய்ப் பல்லெல்லாம் தேஞ்சு போயிருந்தது.

தாடை மூட்டு காதுக்கு முன்னால ஒட்டினாப்போல இருக்கிறதால நோ காதுக்குள்ள தெரியுமாம். இரவில பல்லுக்குப் போட ஒரு கார்ட் செய்து தந்தவர், முறுக்கு, கச்சான் மாதிரிக் கடினமானதெல்லாம் கொஞ்ச காலம் வேண்டாம் எண்டவர், சுடுதண்ணி ஒத்தடம். மெல்ல மெல்ல சுகமாயிட்டுது.

ஆனா உங்கட உஷ் உஷ் சத்தம் எனக்கு இருக்கேல்லை. காலமை எழும்பேக்க தாடை இறுகின மாதிரி இருக்கோ? சாப்பிடேக்க நோ கூடுதோ? இல்லையெண்டா இது வேற.

---

பவானிக்காரி

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு நெனைக்கவே இல்ல. ஆச்சி உங்க பாசத்துக்கு நன்றி, ஆவி பிடிச்சா ஒரு அரை மணி நேரம் சுகமாத்தான் இருக்கு.

தம்பி, மாத்திரை வாரத்துல ஒண்ணு ரெண்டு போடுவேன், அதுக்கு மேல இல்ல, வயிறு எரியும்னு பயம். சிஸ்டர், சீழ் இல்ல, வீடு சுத்தற மாதிரி எல்லாம் இல்ல, கேக்கறது நல்லா கேக்குது. நிலா, தாடை வலி இல்லம்மா, முறுக்கு எல்லாம் நல்லாவே கடிக்கறேன்.

வேற ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குமான்னு தெரியல. குனிஞ்சு நிமிந்தா, இல்ல உக்காந்து எந்திரிச்சா, கண்ணு அப்படியே ஒரு நாலஞ்சு நொடி இருட்டிட்டு வருது. ரத்தம் கம்மியா இருக்கும்னு அதை யாருகிட்டயும் பெருசா சொல்லல.

---

லென்ஸ்_மதுரை

அக்கா, நீங்க கடைசில சொன்னீங்களே, அதுதான் இதுல முக்கியமான விஷயம். நான் மதுரைல ஆப்டோமெட்ரிஸ்ட், கண் பரிசோதனை பண்றவன், டாக்டர் இல்ல, அதனால இதுதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா தயவுசெஞ்சு இன்னைக்கு ராத்திரி ஒண்ணு பண்ணுங்க. அந்த உஷ் உஷ் கேக்கும்போது மணிக்கட்டுல நாடியைப் பிடிச்சுப் பாருங்க. ரெண்டும் ஒண்ணா போகுதா? மாடிப்படி ஏறிட்டு வந்தா சத்தமும் வேகமா வருதா?

அப்படி இருந்துச்சுன்னா அது சாதாரணக் காது இரைச்சல் கிடையாது. கொய்ங்குனு வர்றது பெரும்பாலும் உள்காது நரம்பு சம்பந்தப்பட்டது. நாடியோட சேர்ந்து வர்றது ரத்தம் ஓடற சத்தம், அது ஏன் கேக்குதுன்னு தேடியே ஆகணும். ரத்தசோகை ரொம்ப இருந்தாலும் கேக்கும், தைராய்டு கூடினாலும் கேக்கும், காதுக்குப் பக்கத்துல ரத்தக்குழாய்ல கோளாறு இருந்தாலும் கேக்கும். ஆனா படுத்தா கூடற தலைவலி, நாடியோட காது சத்தம், குனிஞ்சு நிமிர்ந்தா நொடி நேரம் கண் இருட்டறது, இந்த மூணும் ஒரு இளவயசுப் பொண்ணுக்கு சேர்ந்து இருந்தா முதல்ல நெனைக்க வேண்டியது மண்டைக்குள்ள தண்ணி அழுத்தம் ஏறியிருக்கான்னுதான்.

மூளையைச் சுத்தி எப்பவும் ஒரு தண்ணி ஓடிக்கிட்டு இருக்கும், அதுபாட்டுக்கு ஊறும், அதுபாட்டுக்கு ரத்தத்துல போய்ச் சேரும். வடியறதுல சிக்கல் வந்தா அழுத்தம் ஏறுது. கட்டி இருக்காது, ரத்தக்கசிவு இருக்காது, அதனால சிடில ஒண்ணும் தெரியாது, நார்மல்னு எழுதிடுவாங்க. மூளைல இருந்து அசுத்த ரத்தம் இறங்கற பெரிய சிரைகள் காதுக்குப் பின்னாடிதான் போகுது, அங்க இடம் குறுகிடுச்சுன்னா மடை குறுகின வாய்க்கால் தண்ணி மாதிரி ரத்தம் சத்தம் போட்டு ஓடும், உங்களுக்கு அது காதுல கேக்குது.

ஏன் இவ்ளோ பதட்டமா எழுதறேன்னா, கண் நரம்பைச் சுத்தி இருக்கற உறை மூளை உறையோட தொடர்ச்சிதான். உள்ள அழுத்தம் ஏறினா கண்ணுக்குப் பின்னாடி நரம்போட முனை வீங்கும். ஆரம்பத்துல பார்வை குறையாது, போர்டுல கடைசி வரி வரைக்கும் படிப்பீங்க. ஓரத்துல இருந்துதான் மெல்ல அரிக்கும், அப்படிப் போன பார்வை திரும்பி வராம போகலாம். இதைக் கண்டுபிடிக்க பெரிய மெஷின் வேணாம். கண்ணுல சொட்டு மருந்து விட்டு, கண்மணியைப் பெருசாக்கி, உள்ள விழித்திரையைப் பாக்கணும், ஃபண்டஸ் பாக்கறதுன்னு சொல்லுவாங்க. இத்தனை டாக்டர் பாத்தும் ஒருத்தர்கூட உங்க கண்ணுக்குள்ள பாக்கலைங்கறதுதான் எனக்கு மனசு கேக்கல.

நாளைக்கே கண் ஆஸ்பத்திரி போங்க. கண்ணாடிக் கடைல பவர் மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க. வாசல்லயே சொல்லுங்க, தலைவலி, கண் இருட்டுது, நரம்பு வீக்கம் இருக்கான்னு பாக்கணும்னு. அரவிந்த், சங்கர நேத்ராலயா மாதிரி பெரிய இடங்கள்ல கண் நரம்புக்குன்னே நியூரோ ஆப்தல்மாலஜின்னு தனிப் பிரிவே இருக்கு, ஆனா முதல் பார்வைக்கு பக்கத்துல இருக்கற நல்ல கண் டாக்டர் போதும். சொட்டு விட்டா சில மணி நேரத்துக்குக் கிட்டத்துல மங்கலா இருக்கும், வெளிச்சம் கூசும், வண்டி ஓட்ட முடியாது, வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போங்க.

அப்பறம், முகப்பருவுக்கோ தோலுக்கோ ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா? சமீபத்துல வெயிட் கூடுச்சா?

---

பவானிக்காரி

கை நடுங்குதுங்க இதை எழுதறப்ப. இப்பத்தான் நாடியைப் பிடிச்சுப் பாத்தேன். ரெண்டும் ஒண்ணாத்தான் அடிக்குது. மொட்டைமாடி வரைக்கும் ஏறி இறங்கிட்டு வந்து பாத்தேன், சத்தமும் வேகமாயிருச்சு.

வெயிட் பிரசவத்துக்கப்புறம் கூடினது இறங்கவே இல்ல, போன வருஷம் இன்னும் கூடுச்சு. முகப்பருவுக்கு தோல் டாக்டர் டாக்சிசைக்ளின் குடுத்தாங்க, மூணு நாலு மாசம் சாப்பிட்டேன், இப்பவும் ஓடிட்டுத்தான் இருக்கு.

---

லென்ஸ்_மதுரை

அதைக் கண் டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க, அட்டையையே கைல எடுத்துட்டுப் போங்க. டாக்சிசைக்ளின், மினோசைக்ளின், அப்பறம் வைட்டமின் ஏ, அதே குடும்பத்து ஐசோட்ரெட்டினாயின், இதெல்லாம் சில பேருக்கு இந்த அழுத்தத்தை ஏத்தும். தோல் டாக்டர் மேல தப்பு இல்ல, நல்ல மருந்துதான், லட்சக்கணக்கான பேருக்கு ஒண்ணும் பண்றதில்ல.

---

டெல்டா_தம்பி

அக்கா என்ன ஆச்சு? ரெண்டு நாளா எட்டிப் பாத்துக்கிட்டே இருக்கேன்.

---

பவானிக்காரி

போய்ட்டு வந்தேனுங்க. ரெண்டு கண்ணுலயும் நரம்பு வீங்கியிருக்கு. வலதுல கொஞ்சம் ஜாஸ்தி.

கண் டாக்டரம்மா பாத்துட்டு ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசல, அப்புறம் விளக்கைத் தள்ளி வெச்சுட்டு சேரை இழுத்து என் முன்னாடி உக்காந்தாங்க. "இது உங்க கற்பனை இல்லம்மா, வலி இருக்கறதுக்குக் காரணம் இருக்கு"ன்னாங்க. நான் அங்கயே அழுதுட்டேன், பயத்துலயா சந்தோஷத்துலயான்னு எனக்கே தெரியல.

அன்னைக்கே ஃபீல்டு டெஸ்ட்னு ஒண்ணு எடுத்தாங்க. ஒரு கண்ணை மூடிட்டு, கிண்ணம் கணக்கா இருக்கற மெஷினுக்குள்ள நெத்தியை வெச்சு நடுப்புள்ளியையே பாக்கணும், ஓரத்துல சின்னதா வெளிச்சம் மின்னறப்ப எல்லாம் கைல இருக்கற பட்டனை அமுக்கணும். நான் எல்லாத்தையும் அமுக்கினேன்னுதான் நெனைச்சேன். பேப்பர்ல வந்தப்ப வலது கண்ணுல மூக்குப் பக்கம் கீழ ஒரு கருப்புத் திட்டு. அங்க வெளிச்சம் வந்ததே எனக்குத் தெரியல.

இன்னும் தாமதிக்க வேணாம்னு நியூரோ டாக்டருக்கு லெட்டர் குடுத்து, எம்ஆர்ஐயும், மூளைச் சிரையைப் பாக்கற எம்ஆர்வி ஸ்கேனும் எழுதியிருக்காங்க. டாக்சிசைக்ளின் அன்னைக்கே நிறுத்தியாச்சு. நியூரோ டாக்டர் முதுகுல ஊசி போட்டு தண்ணி எடுக்கணுமுங்கறார். வீட்ல எல்லாரும் வேண்டவே வேண்டாம்னு நிக்கறாங்க, எங்க பெரியப்பா முதுகுல ஊசி போட்டா இடுப்புக்குக் கீழ விழுந்துரும்னு சொல்றாரு. என்னங்க பண்றது?

---

நைட்_டூட்டி_சிஸ்டர்

இந்த பயம் எல்லா வீட்லயும் இருக்கு, அதனால விளக்கமாவே சொல்றேன், பெரியப்பாகிட்ட படிச்சுக் காட்டுங்க.

தண்டுவடம் முதுகெலும்பு முழுக்க கீழ வரைக்கும் போறது இல்ல. பெரியவங்களுக்கு இடுப்பெலும்போட முதல் ரெண்டு கணுக்கிட்டயே முடிஞ்சிடும். ஊசி போடறது அதுக்கும் கீழ, மூணாவது நாலாவது கணு நடுவுலயோ நாலாவது அஞ்சாவது நடுவுலயோ. அங்க தண்ணிக்குள்ள மிதக்கற நரம்பு இழைகள்தான் இருக்கும், ஊசி வந்தா விலகிக்கும். சிசேரியனுக்கு முதுகுல மரத்துப்போற ஊசி போடறாங்களே, கிட்டத்தட்ட அதே இடம். நம்ம வீடுகள்ல எத்தனை பொம்பளைங்க அதைப் போட்டுக்கிட்டு பிள்ளையைத் தூக்கிட்டு நடந்து வந்திருக்காங்க.

வரக்கூடியது என்னன்னா, நிமிர்ந்து உக்காந்தா கூடற ஒரு தலைவலி, சில பேருக்கு சில நாள் இருக்கும், ஊசி போட்ட இடத்துல வலி. ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடறீங்கன்னா முன்னாடியே சொல்லிடணும். மொதல்ல எம்ஆர்ஐ, எம்ஆர்வி பாத்து கட்டி இல்ல, சிரைல ரத்தக்கட்டு இல்லைன்னு தெரிஞ்சப்பறம்தான் எடுப்பாங்க. அந்த எம்ஆர்வியை விட்டுடாதீங்க. பிரசவம் ஆனவங்க, கருத்தடை மாத்திரை சாப்பிடறவங்களுக்கு மூளைச் சிரைல ரத்தம் உறைஞ்சும் இதே மாதிரி தலைவலியும் கண் நரம்பு வீக்கமும் வரும், அதுக்கு மருத்துவமே வேற.

---

ராம்நாட்டு_ஆச்சி

தாயி, ஆச்சி சொல்றேன், பயப்படாம போட்டுக்க. என் மகளுக்கும் ரெண்டு புள்ளைக்கும் முதுகுலதேன் ஊசி போட்டாக. கண்ணு போயிட்டா பத்தும் பாட்டி வைத்தியமும் கொண்டாந்து குடுக்குமா. நயினார்கோயில்ல உனக்கு வெளக்கு போடுறேன்.

---

பவானிக்காரி

எடுத்தாச்சுங்க. பெரியப்பாவே கூட வந்தாரு.

எம்ஆர்வில ரத்தக்கட்டு இல்ல. ஆனா வலது பக்கச் சிரை காதுக்குப் பின்னாடி குறுகியிருக்கு. லென்ஸ் தம்பி சொன்னது அப்படியே.

முதுகு ஊசி பத்தி எழுதறேன், அடுத்து யாராவது பயந்துட்டு இருந்தா உதவும். ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லி முழங்காலை நெஞ்சுக்கு மடக்கி வெச்சாங்க. மரத்துப்போற ஊசி சுருக்குனு இருந்தது, அதுக்கப்புறம் அமுக்கறது மட்டுந்தான் தெரிஞ்சது, ஒரு தடவை இடது கால்ல கரண்டு அடிச்ச மாதிரி ஒரு விறுக், டாக்டர்கிட்ட சொன்னதும் ஊசியைக் கொஞ்சம் திருப்பினாரு, சரியாயிருச்சு. ஊசியோட ஒரு மெல்லிய குழாயை நட்டமா மாட்டி அதுல தண்ணி எவ்ளோ உசரம் ஏறுதுன்னு அளந்தாங்க. 25 சென்டிமீட்டருக்கு மேல போனா ஜாஸ்தின்னு அர்த்தமாம். எனக்கு 34. தண்ணி தெளிவா பச்சத் தண்ணியாட்டம் இருந்ததுன்னு நர்ஸம்மா சொன்னாங்க, நான் சுவத்தைப் பாத்துட்டு இருந்தேன்.

கொஞ்சம் தண்ணியை எடுத்து அழுத்தத்தை இறக்கினாங்க. ஊசியை எடுத்து முடிச்சு மல்லாக்கப் படுக்க வெச்சப்ப காது அமைதியா இருந்ததுங்க. சத்தமே இல்ல. பக்கத்து பெட்டுல யாரோ தட்டத்தைக் கீழ வெச்சது, காரிடார்ல செருப்புச் சத்தம், எல்லாம் தனித்தனியா கேட்டுது. ரெண்டு நாள்ல லேசா திரும்ப வந்துருச்சு, அதுவும் முன்ன அளவுக்கு இல்ல.

இடியோபதிக் இன்ட்ராக்ரேனியல் ஹைப்பர்டென்ஷன்னு எழுதியிருக்காங்க, காரணம் இதுதான்னு தெரியாம மண்டைக்குள்ள அழுத்தம் ஏறறதுன்னு அர்த்தமாம். இப்ப அசிட்டசோலமைடு மாத்திரை ஆரம்பிச்சிருக்கு, சிறுகச் சிறுக டோஸ் ஏத்தறாங்க. விரல் நுனியும் உதட்டைச் சுத்தியும் சுருசுருன்னு இருக்கு, சோடா, கூல்டிரிங்க் எல்லாம் ருசியே கெட்டுப்போச்சு, அடிக்கடி யூரின் போகுது. பொட்டாசியம் பாக்க ரத்த டெஸ்ட், கிட்னில கல்லு வராம இருக்க தண்ணி நெறைய. வெயிட் குறைக்கறதுதான் இதுக்கு நிரந்தர மருந்துன்னாங்க, உடம்பு எடைல நூத்துக்கு அஞ்சு பத்து குறைஞ்சாலே அழுத்தம் இறங்க ஆரம்பிக்குமாம். டயட்டீஷியன் ராத்திரி சோத்துக்குப் பதிலா என்ன சாப்பிடறதுன்னு உக்காந்து எழுதிக் குடுத்தாங்க, பட்டினி கிடக்கச் சொல்லல.

---

லென்ஸ்_மதுரை

கண்ணுல தண்ணி வந்துருச்சுக்கா. சரியான நேரத்துல போயிட்டீங்க.

சல்ஃபா மருந்து அலர்ஜி இருந்தா அந்த மாத்திரைக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லணும், மத்தவங்க படிக்கறதுக்காக எழுதறேன். வட அமெரிக்காவுல 165 பேரை வெச்சு ஒரு பெரிய ஆய்வு பண்ணி 2014ல வெளியிட்டாங்க, எடை குறைக்கற உணவுமுறையோட இந்த மாத்திரையும் சேர்த்தவங்களுக்கு, உணவுமுறை மட்டும் இருந்தவங்களைவிட பார்வை நல்லா தேறிச்சு. அதனால சுருசுருப்பு தாங்க முடியலைன்னு நீங்களா நிறுத்தாதீங்க, டோஸ் மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க. தலைவலி நின்னாலும் ஃபீல்டு டெஸ்ட் தேதியை விடாதீங்க, வலி குறையறதும் நரம்பு தேறறதும் ஒண்ணா போகாது.

---

முத்துநகர்_மகன்

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க அப்பாவுக்கு 68 வயசு, தூத்துக்குடி. ஒரு மாசமா நெத்திப்பொட்டுல வலி, காதுக்கு முன்னாடி வலி, தலை சீவினாலே தோல் வலிக்குதுங்காரு. சாப்பிட ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷத்துல தாடை வலிச்சு நிறுத்திருதாரு. யாழ் சகோதரி சொன்ன தாடை மூட்டுப் பிரச்சினையா இருக்குமோன்னு பல் டாக்டருக்கு அடுத்த வாரம் அப்பாயின்மென்ட் வாங்கியிருக்கேன்.

---

நைட்_டூட்டி_சிஸ்டர்

அடுத்த வாரம் வரைக்கும் இருக்காதீங்க தம்பி. 50 வயசுக்கு மேல புதுசா வர்ற நெத்திப்பொட்டு வலி, சீவினா தோல் வலி, சாப்பாட்டை மென்னா கூடற தாடை வலி, இந்த மூணும் சேர்ந்தா பொட்டுல ஓடற ரத்தக்குழாய் வீக்கத்தைப் பாக்கணும். ஜயன்ட் செல் ஆர்ட்டிரைட்டிஸ். நம்ம பக்கம் அரிதுதான், ஆனா இருந்தா ஒரே நாள்ல கண் பார்வை போயிடும். இன்னைக்கே ஜெனரல் மெடிசின் டாக்டர்கிட்டயோ பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுலயோ காட்டி உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டற ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனை கேளுங்க. பார்வை மங்கினதா, ரெட்டையா தெரிஞ்சதான்னு அப்பாகிட்ட கேட்டுட்டுப் போங்க.

---

முத்துநகர்_மகன்

காலைல ஒரு கண்ணு கொஞ்ச நேரம் மங்கலா இருந்துச்சுன்னு இப்பத்தான் சொல்லுதாரு. ஆட்டோ வந்துட்டு, கிளம்புதோம்.

---

யாழ்_நிலா

கடவுளே. போய்ட்டு வந்து ஒரு வரி எழுதுங்கோ அண்ணா.

---

முத்துநகர்_மகன்

ஈஎஸ்ஆர் 90க்கு மேல. அட்மிட் பண்ணி அன்னைக்கே ஸ்டீராய்டு ஏத்த ஆரம்பிச்சுட்டாங்க, பொட்டு ரத்தக்குழாய்ல ஒரு துண்டு எடுத்து பயாப்சிக்கு அனுப்பிருக்காங்க. தலைவலி மறுநாளே பாதியா இறங்கிட்டு. ரெண்டு கண்ணும் தெரியுது. சிஸ்டர், உங்களுக்கு என்ன சொல்லதுன்னே தெரியல.

---

சிவகங்கைச்_சீமை

பவானி அக்கா, எனக்கும் நாடியோட சேர்ந்த சத்தம் இருக்கு, இடது காதுல. தலைவலி கொஞ்சம்தான். உங்களுக்கு இப்ப எப்படி இருக்கு, முழுசா போயிருச்சா? கண்ணுல ஒண்ணும் தெரியலைனாலும் நான் போகணுமா?

---

பவானிக்காரி

போகணும் தங்கச்சி. எனக்கும் கண்ணு நல்லா தெரியுதுன்னுதான் நெனைச்சுட்டு இருந்தேன். ஃபண்டஸ் பாத்து நரம்பு வீக்கம் இல்லைன்னா நிம்மதி, ஆனா அதோட விட்டுராம ஈஎன்டிலயும் காட்டு, ஹீமோகுளோபினும் தைராய்டும் பாத்துக்கோ. ஒரே காதுல மட்டும் நாடியோட கேட்டா ரத்தக்குழாய் ஸ்கேன் தேவையான்னு டாக்டரை வாய்விட்டுக் கேளு.

எனக்கு முழுசா போகலைங்கறதுதான் உண்மை. காது சத்தம் இப்ப எப்பவாவதுதான், ராத்திரி தூங்கறேன். கண் இருட்டறது நின்னுருச்சு. நரம்பு வீக்கம் இறங்கிட்டு வருது, ஃபீல்டு பேப்பர்ல அந்தத் திட்டு சின்னதாயிருக்கு, முழுசா அழியல. தலைவலி வாரத்துல ரெண்டு மூணு நாள் வருது, அது வேற மாதிரி, ஒத்தப் பக்கமா, வெளிச்சம் பாத்தா கூசுது. அழுத்தம் இறங்கினதுக்கப்புறமும் சில பேருக்கு மைக்ரேன் மாதிரி தங்கிருமாம், அதுக்குத் தனியா மாத்திரை தர்றேன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. டெல்டா தம்பி சொன்னபடி நோட்டுல எழுதிட்டு வர்றேன், போன தடவை அதைத்தான் மொதல்ல கேட்டு வாங்கிப் படிச்சாரு.

நீ போறப்ப சாப்பிடற மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போ. தோலுக்கு, முடிக்கு, சத்துக்குன்னு சாப்பிடறதும் சேர்த்து. சொட்டு மருந்து விடுவாங்க, கூட யாரையாவது கூட்டிட்டுப் போ, எங்க பார்த்தீங்க எவ்ளோ ஆச்சுங்கறதெல்லாம் தனிச் செய்தில கேளு, சொல்றேன்.